கடைசி அத்தியாயத்தில் மாட்டிய கிளிப்

புத்தகம் அடுக்குவது, எண் போடுவது, கிழிந்த அட்டையை ஒட்டுவது எல்லாம் புதிதாக நூலகர் வேலைக்கு வரும் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இப்போது நீங்கள் கம்ப்யூட்டரில் செய்வதைப் பார்த்தால் எனக்குத்தான் தலை சுற்றுகிறது. ஆனால் நூலகத்துக்குள் நாலு பேர் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அதை எப்படிச் சமாளிப்பது என்று எந்தப் பயிற்சியிலும் சொல்ல மாட்டார்கள். கொடைக்கானலில் நான் வேலை பார்த்த கடைசி வருடங்களில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களில் யாருக்காவது வாசகர் வட்டம் தொடங்கும் ஆசை இருந்தால் இதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

துப்பறியும் நாவல் படிக்கிறவர்கள் தனி ரகம். மற்றவர்கள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு "நல்லா இருந்துச்சு மேடம்" என்று போய்விடுவார்கள். இவர்கள் கவுண்டரை விட்டு நகர மாட்டார்கள். எனக்குப் பாதியிலயே தெரிஞ்சிருச்சு என்பார் ஒருவர், பொய் சொல்லாதீங்க என்பார் இன்னொருவர். எங்கள் நூலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் முதல் பக்கத்திலேயே பென்சிலால் 'கொன்றது டாக்டர்' என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். நான் அழிப்பேன், அவர் அடுத்த புத்தகத்தில் எழுதுவார். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல், புதிதாக வந்த நாவலின் கடைசி அத்தியாயத்தை மொத்தமாகச் சேர்த்துப் பிடித்து, ஆபீஸ் காகிதங்களுக்கு மாட்டும் கறுப்புக் கிளிப்பை மாட்டிவிட்டேன். கடைசி அத்தியாயம் வேண்டுமென்றால் சனிக்கிழமை மத்தியானம் வாருங்கள், எல்லாருக்கும் சேர்த்து நானே வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அப்படித்தான் வட்டம் உருவானது. ஒரே பிரதி. அதை முறை வைத்து ஒவ்வொருவரும் வீட்டுக்கு எடுத்துப் போய்க் கிளிப் வரைக்கும் படிப்பார்கள். எல்லாரும் படித்து முடித்த பிறகு வரும் சனிக்கிழமையில் கூடி, குற்றவாளி யார், ஏன் என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். பிறகுதான் கிளிப்பைக் கழற்றுவேன். அந்த நிமிடத்தில் வாசிப்பறையில் எல்லார் கண்ணும் கிளிப்பில்தான் இருக்கும். வெளியே பனி வந்து ஜன்னலை மூடியிருக்கும். எனக்கு என் வேலையிலேயே பிடித்த நேரம் அதுதான்.

வட்டத்துக்குத் தலைவர் என்று யாரும் இல்லை. ஆனால் அருளப்பன் சார் இருக்கும் இடத்தில் அவர்தான் தலைவர். பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பையன்கள் பொய் சொன்னால் காது நுனியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பார். பிலோமினா ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை பார்த்தாள். ஒருவர் பையை வைக்கும் விதத்தை வைத்தே அவர் எந்த ஊர் என்று சொல்லக்கூடியவள். மாரிமுத்து பூம்பாறைக்காரர், பூண்டு பயிரிடுகிறவர், டவுனுக்கு வரும் சோலியை எல்லாம் சனிக்கிழமைக்கே வைத்துக்கொள்வார். இன்னும் சிலரும் வருவார்கள். கடைசி நாற்காலியில், வாசலை ஒட்டி, செல்வராஜ் உட்கார்ந்திருப்பார்.

செல்வராஜ் செண்பகனூரில் ஒரு காட்டேஜின் காவலாளி. பூட்டு, சாவி, வெந்நீர், விருந்தாளிகளுக்குச் சமையல் எல்லாம் அவர்தான். அதிகம் பேசமாட்டார். அவர் முறை வந்தால் "எனக்கு அந்த அண்ணிக்காரி மேலதாங்க டவுட்டு" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வார். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். தப்பானதும் அவர்தான் முதலில் சிரிப்பார்.

அந்த வாரம் புத்தகம் செல்வராஜிடம் இருந்தது. கடைசி முறை அவருடையது. சனிக்கிழமை அவர் கொண்டுவந்தால்தான் கிளிப்பைக் கழற்ற முடியும். எல்லாரும் வந்துவிட்டார்கள், அவர் மட்டும் வரவில்லை. நல்ல மழைக்காலம். கையில் புத்தகம் இல்லாமல் துப்பறிகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பையன் முந்தின நாள் காணாமல் போயிருந்தான். கல்லூரி முடித்த வயசு. தனியாக வந்து தங்கியிருந்தான். வெள்ளிக்கிழமை காலையில் கிளம்பிப் போனவன் ராத்திரி வரைக்கும் திரும்பவில்லை, போனும் போகவில்லை. அவன் அம்மாவும் தாய்மாமாவும் ராத்திரியோடு ராத்திரியாகக் கார் எடுத்து வந்திருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் 'தேடிக்கிட்டிருக்கோம்' என்று மட்டும் சொல்லி அனுப்ப, பிலோமினாவின் லாட்ஜில்தான் அறை எடுத்திருந்தார்கள். ஊர் முழுக்க இதே பேச்சு. அந்தப் பையன் தங்கியிருந்தது செல்வராஜ் வேலை பார்க்கும் காட்டேஜ்.

"அப்ப கடைசியாப் பாத்தது செல்வராஜ்தான்" என்றார் அருளப்பன் சார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் எல்லாரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நாவல் பேசும்போது செய்வது போலவே.

"சனிக்கிழமை தப்பாத ஆளு. இன்னைக்கு மட்டும் ஏன் வரல?" என்றார் ஒருவர்.

பிலோமினா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து சாயங்காலம் நான் அவரைப் பாத்தேன் சார். பஸ் ஸ்டாண்ட் பைப்புல கால் கழுவிக்கிட்டு இருந்தாரு. பேன்ட் கீழ எல்லாம் ரத்தம். என்னண்ணே இதுன்னு கேட்டேன், ஒண்ணுமில்லம்மான்னு வெரசாப் போயிட்டாரு."

ரத்தம் என்ற சொல் விழுந்ததும் அறையே மாறிவிட்டது. எனக்கும் சந்தேகம் தட்டியது, மறைப்பானேன்.

"அவரு அப்படிப்பட்ட ஆளாத் தெரியலையே" என்று யாரோ இழுத்தார்கள். மாரிமுத்து உடனே கையை நீட்டினார். "அதத்தேன் நானும் சொல்றேன். எத்தன பொஸ்தகம் படிச்சிருக்கோம்? எவன் மேல சந்தேகமே வரலையோ, அவந்தேன் கடைசில மாட்டுவான். சத்தமில்லாம ஓரமா ஒக்காந்திருப்பான் பாருங்க, அவந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. அருளப்பன் சார் மெதுவாகத் தலையை ஆட்டினார். காலி நாற்காலியை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இளையவர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அவர்கள் கெட்டவர்கள் கிடையாது. ஒருவர் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் இன்னொருவர் ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் வருடக் கணக்கில் ஒரே மாதிரி யோசித்துப் பழகிவிட்டார்கள். நாவலில் ஒரு பொருளும் வீணாக வராது. ரத்தம் என்றால் அதற்கு ஒரு கொலை இருக்கும், தாமதம் என்றால் அதற்கு ஒரு தப்பு இருக்கும், நல்லவன் என்றால் அவன்தான் குற்றவாளி. ஊரில் நடக்கிற விஷயத்தில் பாதிக்கு மேல் அர்த்தமே இல்லாமல் சும்மா கிடக்கும். அதை எடுத்துக் கோத்தால் யார் கழுத்துக்கும் மாலை கட்டிவிடலாம்.

நான் எழுந்து நின்றேன். "போதும். பாத்ததைச் சொல்லுங்க, நெனச்சதைச் சொல்லாதீங்க. யாரு என்ன பாத்தீங்க?" என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது.

பிலோமினா கையிலிருந்த போனைக் காட்டிச் சொன்னாள்: "மேடம், நான் மெசேஜ் அனுப்பிட்டேன்."

"யாருக்கு?"

"அந்தப் பையனோட மாமாவுக்கு. எது தெரிஞ்சாலும் உடனே சொல்லும்மான்னு நம்பர் குடுத்திருந்தாரு. காட்டேஜ் வாட்ச்மேன் பேன்ட்ல ரத்தம் இருந்துச்சு, சனிக்கிழமை லைப்ரரிக்கு வருவாருன்னு போட்டேன். பாவம் மேடம், அந்தம்மா காலைல இருந்து தண்ணிகூடக் குடிக்கல."

அவள் சொல்லி முடிக்கவும் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. செல்வராஜ் நின்றுகொண்டிருந்தார். முழங்கால் வரைக்கும் சேறு, தலையெல்லாம் ஈரம். பிளாஸ்டிக் கவரில் சுற்றிய புத்தகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"லேட்டாயிருச்சுங்க மேடம். நீங்கள்லாம் காத்துக் கெடப்பீங்கன்னுதான் ஓடியாந்தேன். புக்கைக் குடுத்துட்டு நான் உடனே கெளம்பணும்" என்றார்.

கீழே ரோட்டில் ஒரு கார் சடக்கென்று நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம், ஒன்றல்ல, இரண்டு மூன்று.

எனக்கு யோசிக்கக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். என் மேசைக்குப் பின்னால் பைண்டிங் அறை, அதிலிருந்து சந்துக்குப் போக ஒரு கதவு. முதலில் தோன்றியது அதுதான்: இவரைப் பின்பக்கமாக அனுப்பிவிடலாம். சாவியில்கூடக் கை வைத்துவிட்டேன். பிறகு நினைத்தேன். இவர் இந்தக் கதவு வழியாக வெளியே போனால், பையன் நல்லபடியாகக் கிடைத்தாலும் ஊரில் இவர் ஓடிப்போனவர்தான். இன்னொன்றையும் நினைத்தேன். ஒருவேளை இவருக்கு ஏதாவது தெரிந்திருந்தால்? அனுப்பிவிட்டு நான் அந்தத் தாய்க்கு என்ன பதில் சொல்வேன்? எனக்கு உண்மை தெரியாது. தெரியாத நேரத்தில் ஆளை மறைக்கவும் கூடாது, விட்டுக்கொடுக்கவும் கூடாது.

"செல்வராஜ், உள்ள வாங்க. என் சேர்ல உக்காருங்க" என்றேன்.

"அய்யோ, உங்க சேர்லயா? சேறா இருக்கேன் மேடம்."

"உக்காருங்கன்னு சொல்றேன்ல."

கவுண்டர் பலகையைத் தூக்கி அவரை உள்ளே விட்டு, பலகையை இறக்கி, அதன் முன்னால் நான் நின்றுகொண்டேன். ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, லைப்ரரியில் பிரச்சினை, யாராவது உடனே வாருங்கள் என்றேன். போனை வைப்பதற்குள் மாமா உள்ளே வந்துவிட்டார். கூட அவர்கள் கார் டிரைவரும் இன்னொரு ஆளும்.

"எவன் அந்த வாட்ச்மேன்?"

யாரும் கை காட்டவில்லை. காட்ட வேண்டிய தேவையும் இல்லை, எல்லார் கண்ணும் ஒரே பக்கம் இருந்தது. அவர் பாய்ந்து வந்து, எனக்கு மேலாகக் கை நீட்டி, செல்வராஜின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். பொத்தான் தெறித்து மேசையில் விழுந்தது. "பையனை என்னடா பண்ணே? கால்ல என்னடா ரத்தம்?"

நான் அந்த மனிதரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். என் வயசுக்கும் உடம்புக்கும் அது பெரிய பிடி ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு பொம்பளை கையைப் பிடிப்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "சார், இது லைப்ரரி. அவரு எங்கயும் ஓடல, உக்காந்திருக்காரு. என்ன கேக்கணுமோ உக்காந்து கேளுங்க. போலீசும் வராங்க. கை வச்சா நீங்க கேக்கறதுக்கு அவரு பதில் சொல்ல முடியாது" என்றேன். அவர் பிடியைத் தளர்த்தினார், விடவில்லை.

அப்போதுதான் பலகைக்கு அடியில் செல்வராஜின் கால் என் கண்ணில் பட்டது. மடித்துவிட்ட பேன்டுக்குக் கீழே, கணுக்காலில், ரத்தம் குடித்துப் புளியங்கொட்டை அளவுக்கு ஊதிப்போய் ஒரு அட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பழைய கடிவாய் இரண்டு மூன்று, அதிலிருந்து மெல்லியதாக ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! சோலைக்காட்டுக்குள் மழை நேரத்தில் போனால் அட்டை ஏறும், கடித்த இடம் நிற்காமல் வழியும் என்று இந்த மலையில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பூம்பாறைக்காரருக்குத் தெரியாதா? ஹாஸ்டல் பையன்களை வருடா வருடம் காட்டுக்கு நடத்திக்கொண்டு போன வார்டனுக்குத் தெரியாதா? பிலோமினா காலில் எத்தனை முறை ஏறியிருக்கும்? சாதாரண நாளாக இருந்தால் "அட்டையாண்ணே?" என்று கேட்டிருப்பாள். கதைக்குள் உட்கார்ந்துகொண்டு பார்த்ததால் எல்லாருக்கும் அது கொலை ரத்தமாகிவிட்டது.

"அட்டை" என்றேன் நான், காலைக் காட்டி. வேறு சொல் வரவில்லை. மாரிமுத்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அட்டையா? அதை வச்சு எங்களை ஏமாத்தப் பாக்கறீங்களா?" என்றார் மாமா. அவர் சென்னைக்காரர், அவருக்குப் புரிய வழியில்லை.

செல்வராஜ் காலரை விடுவிக்கக்கூட முயலாமல் பேசினார். "சார், தம்பி நேத்து காலைல கீழ காட்டுக்குள்ள இருக்கற வெள்ளகவி கிராமத்துக்கு எப்படிப் போறதுன்னு கேட்டாரு. மழை வரும் தம்பி, ஒத்தையாப் போகாதீங்கன்னு சொன்னேன். சரின்னுட்டுத்தான் போனாரு. மத்தியானம் வரைக்கும் வரலைன்னதும் எனக்கு மனசு கேக்கல. வட்டக்கானல் வழியா எறங்கிப் பாதி தூரம் போய்க் கூப்பிட்டுப் பாத்தேன். பனி மூடிருச்சு, ஒண்ணும் தெரியல. வந்து ஸ்டேஷன்ல சொன்னேன். இன்னைக்கு வெள்ளனே ஃபாரஸ்ட் ஆளுங்களைக் கூட்டிட்டு நான்தான் போய் வழி காட்டினேன். வெள்ளகவிக்காரங்களும் கீழ இருந்து தேடி ஏறி வர்றாங்க. கயிறும் பெட்ஷீட்டும் வேணும்னாங்க, எடுக்கத்தான் நான் மேல வந்தேன்."

"அப்ப இங்க எதுக்குடா வந்தே?"

செல்வராஜ் மேசையில் தான் வைத்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். "போற வழிதான் சார். இவங்க எல்லாரும் இதுக்காக உக்காந்திருப்பாங்க."

மாமா நம்பினாரா இல்லையா என்று சொல்ல முடியாத முகத்தோடு நின்றார். கை இன்னும் காலரில்தான். அப்போது வாசலில், சுவரைப் பிடித்தபடி, அந்தப் பையனின் அம்மா வந்து நின்றார். காரிலேயே இருக்கச் சொல்லியிருப்பார்கள் போல. கசங்கிய சேலை, கலைந்த தலை. நேராகக் கவுண்டருக்கு வந்தார். தன் தம்பியை ஒரு பார்வை பார்த்தார், அவர் கையை எடுத்துவிட்டார்.

அந்த அம்மா செல்வராஜிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"கிளம்பும்போது சாப்பிட்டானாப்பா?"

செல்வராஜின் கண் கலங்கிவிட்டது. "சாப்பிட்டாரும்மா. ரெண்டு தோசை. மூணாவது வேணாம்னாரு. நான்தான் வாழைப்பழமும் பன்னும் பையில வச்சு விட்டேன். தண்ணி பாட்டிலும் ரொப்பிக் குடுத்தேன்."

"பன் வச்சியா" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மா வாசகர் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். வந்ததிலிருந்து அவர் அழவே இல்லை என்று பிலோமினா பிறகு சொன்னாள்.

அத்தனை நேரம் எங்கள் அறையில் எத்தனை கேள்வி கேட்டோம்! ஏன் வரவில்லை, என்ன மறைக்கிறான், ரத்தம் எப்படி. காணாமல் போன பையனைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. அவன் பசியோடு இருப்பானா, குளிர் தாங்குமா என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஸ்டேஷனிலிருந்து வந்தவர், செல்வராஜ் சொன்னது அத்தனையும் சரி என்றார். மாமா தன் காரிலேயே செல்வராஜை ஏற்றிக் கயிறும் போர்வையும் எடுக்கக் கூட்டிப் போனார். இருட்டுவதற்கு முன்னால் தகவல் வந்தது. பையன் பாதையிலிருந்து சறுக்கி விழுந்து, கணுக்கால் முறிந்து, ஒரு பாறை மறைவில் ராத்திரியெல்லாம் கிடந்திருக்கிறான். வெள்ளகவிக்காரர்கள்தான் கண்டுபிடித்து, டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். பன் தீர்ந்துபோயிருந்தது, பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. பிலோமினா சத்தமாகவே அழுதாள். மற்றவர்கள் ஆளுக்கொரு குடையை எடுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கிப் போனார்கள். புத்தகம் கவரோடு என் மேசையில் கிடந்தது, கிளிப்போடு.

அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். வாசலோர நாற்காலி காலி. அடுத்த வாரமும் காலி. நான் டவுன் பஸ் ஏறிச் செண்பகனூருக்குப் போனேன்.

செல்வராஜ் மரியாதையாக வரவேற்று, டீ போட்டுக் கொடுத்தார். எல்லாரும் உங்களைத்தான் கேட்கிறார்கள், அருளப்பன் சார் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார் என்றேன். "அதெல்லாம் எதுக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"ஒண்ணு கேக்கவா மேடம்? நான் வர்றதுக்கு முன்னாடி அத்தன பேரு பேசிக்கிட்டு இருந்தீங்கல்ல. ஒருத்தராச்சும், செல்வராஜ் அப்படிச் செய்ய மாட்டான்னு சொன்னாங்களா?"

அப்படிப்பட்ட ஆளாகத் தெரியவில்லையே என்று இழுத்த குரல் நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லி ஒப்பேற்றியிருக்கலாம். பார்த்ததைச் சொல்லுங்கள் என்று நான் அதட்டியதைக்கூடச் சொல்லியிருக்கலாம். அவர் கேட்டது அது இல்லை.

"சொல்லல, செல்வராஜ்" என்றேன்.

"ம்" என்றார். "டீக்குச் சக்கரை போதுமா மேடம்?"

அதற்குப் பிறகு அவர் வாசகர் வட்டத்துக்கு வரவில்லை. வட்டம் தொடர்ந்து நடந்தது, வேறு நாவல்கள் பேசினோம். சந்தேகப் பேச்சு சூடு பிடிக்கும்போது யாராவது ஒருவர் வாசலோர நாற்காலியைப் பார்ப்பார், பேச்சு தணியும். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் திறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் வாசிக்கவில்லை. அதில் யார் கொலைகாரன் என்று இன்றுவரை எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் புத்தகம் இன்னும் கொடைக்கானல் நூலகத்தில்தான் இருக்கிறது; உங்களில் யாராவது அங்கே வேலைக்குப் போகலாம். துப்பறியும் நாவல் அலமாரியில், மேல் தட்டு, வலது ஓரம். கிளிப் துருப்பிடித்திருக்கும். பழைய கிளிப் எதற்கு என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். என்றைக்காவது செண்பகனூர் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருவர் வந்து அதைக் கேட்கலாம். வந்தால் உங்கள் நாற்காலியில் உட்கார வையுங்கள். உங்களுக்கு யார் மேல் சந்தேகம் என்று மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.